கறுப்பு அட்டை

காலை பத்து இருபதுக்கு நான் இறந்துபோனேன்.
ஏழாம் மாடி, லினன் அறைக்கு வெளியே,
துடைத்து இன்னும் காயாத தரையில்.

பாதுகாப்புப் பிரிவின் கோ பூன் தெக்
என் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டு
தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி
"அக்கா, தூங்கு" என்றார்.

நான் ஆசைப்பட்டது பச்சை அட்டைக்கு.
பச்சைக்காரர்கள் தாங்களே நடந்து இறங்கி
கார்நிறுத்தத்துக் கூடாரத்தில்
காயா பன்னும் மைலோவுமாய் உட்கார்ந்திருப்பார்கள்.
சிவப்புக்கு ஓட்டம், மஞ்சளுக்குக் காத்திருப்பு.
கறுப்புக்கு ஒன்றுமில்லை.
கிடந்தால் போதும்.

மணி அலறியது.
காந்தம் விட்டதும் வார்டின் பெரிய கதவுகள்
இரண்டு எருமைகள் போல மெதுவாக முட்டிக்கொண்டன.
யாரோ ஓடினார்கள்; யாரோ
"ஓடாதே, வேகமா நட" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.
பதினான்காம் படுக்கை மிஸ்டர் சலீம்
இது நிஜமா பொய்யா என்று
ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்.
பொய்தான் அங்கிள், பொய்தான்.
அப்புறம் ஏன் உன் கை நடுங்குது?

நடுங்கியது நர்ஸ் இளந்திரையின் கை.
வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.
அறுபது கிலோ மணல் பொம்மையை
இழுவைப் பாயில் கட்டுகிறாள்,
வார் ஏறவில்லை.
இடது கொக்கி முதலில், இடது முதலில் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு.
செத்தவள் எப்படிச் சொல்வது?

மரிசெல் குனிந்தாள்.
கழுத்தில் இரண்டு விரல்.
அட்டையைப் பார்த்தாள், எழுந்தாள்.
விதிப்படி அதுதான் சரி,
நானும் பயிற்சியில் படித்ததுதான்.
தினமும் என் டப்பாவிலிருந்து
எலுமிச்சை ஊறுகாய் எடுப்பவள்,
தாண்டிப் போகும்போது மட்டும்
காலை என்மேல் படாமல் உயர்த்தி வைத்தாள்.

பாக்கெட்டில் கைப்பேசி அதிர்ந்தது.
நின்றது. மறுபடி அதிர்ந்தது.
பையனின் பள்ளிக்கூடமாய் இருக்குமோ?
எடுக்கக் கூடாது.
நிஜமாய்க் கிடப்பவர்களின் சட்டைப்பைகளிலும்
இப்படித்தான் அடித்துக்கொண்டிருக்குமா
யாரோ ஒருவரின் பெயர், விளக்கெரிந்து விளக்கெரிந்து?

(பிறகு பார்த்தேன். தேக்கா மீன்கடைக்காரர்.
பாரை வந்திருக்காம், பெருசாம்.)

அப்போதுதான் கண்ணை ஒரு நூலளவு திறந்தேன்.
முகத்துக்கு நேரே லினன் அறைக் கதவு.
தானாக மூட வேண்டிய கதவு.
மூடவில்லை.
அதன் அடியில், நாலாய் மடித்த கையுறைப் பெட்டி அட்டை.
மடித்தது நான்.
மார்ச்சிலிருந்து என் தள்ளுவண்டிக்கு
முன் சக்கரம் ஒன்று திரும்பாது.
ஒரு கையால் கதவு, ஒரு கையால் வண்டி
என்பது நாளுக்கு நாற்பது தடவை நடக்காத காரியம்.

இன்றைய கதையில், காகிதத்தில்,
புகை அந்த வழியாகத்தான் வந்ததாம்.
தெரிந்துதான் என்னை அங்கே கிடத்தினாரா கோ?
இன்றுவரை கேட்கவில்லை.

பதினொரு நிமிடம் நாற்பது விநாடி.
மரணம், ஒன்று.
வெள்ளைப் பலகையைச் சுற்றி நின்றோம்.
ஆக்சிஜன் வால்வை மூட வேண்டியது யார் என்றார்.
மூன்று கைகள் எழுந்தன.
"அப்படியென்றால் யாருமில்லை" என்றார்.
வார், சக்கர நாற்காலி, படிக்கட்டில் ஒரு பூந்தொட்டி.
கடைசியாக அந்த அட்டைத் துண்டை
இரு விரலால் தூக்கிக் காட்டினார்.

கழுத்தில் கறுப்போடு கை தூக்கினேன்.
பிணம் கை தூக்குது பார் என்று எல்லோரும் சிரித்தார்கள்.
கோ சிரிக்கவில்லை.
படிவத்தில் 'யார்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு
'ஏன்' என்பதற்கு நேரே
'சக்கரம்' என்று எழுதிக்கொண்டார்.

சக்கரம் வந்து சேர மூன்று வாரம் ஆனது.
அதுவரை இடுப்பால் கதவைத் தாங்கி
வண்டியைக் கோணலாய் இழுத்தேன்.
இடுப்பில் ஐந்து வெள்ளி நாணயம் அகலத்துக்கு
ஒரு நீலம்.

இப்போது வண்டி வெண்ணெய் போல ஓடுகிறது.
ஆனாலும் வெளியே வந்ததும்
பின்னால் அந்தக் கதவு
தன் தாழில் போய் விழும் சின்னச் சத்தம் கேட்கும்வரை
அங்கேயே நிற்கிறேன்,
நான் கிடந்த இடத்தில்.